இரண்டு கருவி, இரண்டு கணக்கு: வந்தவர் ஏன் போகிறார்?

கேள்வி: சைக்கிள் பழுதுபார்ப்பை விளக்கும் தளம் ஒன்று நடத்துகிறேன். அறுபது கட்டுரைகள் இருக்கின்றன; கூடவே கருவிப் பெட்டி ஒன்றையும் விற்கிறேன். போன மாதம், வருகையை எண்ணும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் பவுன்ஸ் ரேட் (வந்து அப்படியே திரும்பிப் போனவர்களின் விகிதம்) 46 சதவீதம் என்று காட்டியது. அதே மாதத்துக்கு, அதே வேலையைச் செய்யும் மட்டோமோ என்ற இன்னொரு கருவி 81 சதவீதம் என்கிறது. வருகையில் பாதி, ‘செயின் நழுவுவது ஏன்’ என்ற ஒரே கட்டுரைக்குத்தான். அதில் சராசரி நேரம் 52 விநாடி. ஆர்டர் பக்கம் வரை வருகிறவர்களும் பாதியிலேயே போய்விடுகிறார்கள். கட்டுரையை மூன்று பக்கமாக வெட்டிப் போட்டால் பவுன்ஸ் ரேட் தானாக இறங்கும் என்கிறார் நண்பர். எந்த எண்ணை நம்புவது? வந்தவர்கள் ஏன் போகிறார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டு எண்ணும் சரிதான். பெயர் ஒன்று, எண்ணுகிற பொருள் வேறு.

ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போன வருகையையெல்லாம் மட்டோமோ பவுன்ஸில் சேர்த்துவிடும். அந்தப் பக்கத்தில் 3 விநாடி இருந்தாரா, 9 நிமிடம் உட்கார்ந்து படித்தாரா என்பது அதற்குப் பொருட்டில்லை. கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸும் ஏறக்குறைய இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தது. அது 2023 ஜூலை 1-ஆம் தேதி முதல் நிறுத்தப்பட்டது. இப்போதைய ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) மறுமுனையிலிருந்து எண்ணுகிறது. ஒரு செஷன் (ஒருவரின் ஒரு வருகை) 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கம் பார்க்கப்பட்டாலோ, முக்கியமான செயல் என்று நீங்கள் ‘கீ ஈவென்ட்’ ஆகக் குறித்துவைத்த ஏதாவது நடந்தாலோ அது ‘எங்கேஜ்டு செஷன்’, அதாவது ஈடுபாடுள்ள வருகை. இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்காமல் போனதுதான் ஜிஏ4-இன் பவுன்ஸ்.

இப்போது உங்கள் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வந்த நூறு பேரில் 46 பேர் பத்து விநாடிக்குள் போய்விட்டார்கள். 81-க்கும் 46-க்கும் நடுவில் இருக்கும் 35 பேர் ஒரே பக்கத்தைத்தான் பார்த்தார்கள், ஆனால் நின்று பார்த்தார்கள். இரண்டு கருவிகளும் செஷனை ஒரே மாதிரி வெட்டுவதில்லை என்பதால் இந்தக் கழித்தலைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் திசை தெரிகிறது. உங்களிடம் இருப்பது இரண்டு வேறு கூட்டம். முதல் கூட்டம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. இரண்டாவது கூட்டம் உள்ளே வந்து, வேலை முடிந்தோ முடியாமலோ போனது. இரண்டையும் ஒரே ‘வெளியேற்றம்’ என்று பேசினால் எதற்கும் மருந்து கிடைக்காது. ‘நல்ல பவுன்ஸ் ரேட் எவ்வளவு?’ என்ற கேள்விக்கும் இதனால்தான் பொதுவான பதில் கிடையாது.

காரணத்தைத் தேடும் முன் தராசைச் சோதியுங்கள். அளவுகோலே கோணலாக இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். ஒரே ஜிஏ4 டேக் (வருகையைப் பதியும் சிறு நிரல்) பிளக்-இன் வழியாக ஒரு முறையும், டேக்குகளை நிர்வகிக்கும் கூகுளின் டேக் மேனேஜர் வழியாக இன்னொரு முறையும் ஏறியிருந்தால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பேஜ்-வியூவாகப் பதிவாகும். இரண்டு பக்கம் பார்த்தால் எங்கேஜ்டு ஆயிற்றே. பவுன்ஸ் ரேட் திடீரென்று 2, 3 சதவீதத்துக்கு விழும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. பக்கம் திறந்தவுடன் தானாக ஓடும் ஓர் ஈவென்ட்டைக் கீ ஈவென்ட்டாகக் குறித்துவைத்தாலும் இதே கூத்துதான். உங்கள் 46-இல் அந்த நோய் தெரியவில்லை. இருந்தாலும் ரியல்டைம் ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபோனில் ஒரு பக்கத்தை ஒரு முறை மட்டும் திறந்து, பேஜ்-வியூ ஒன்று ஏறுகிறதா இரண்டா என்று பாருங்கள்.

அடுத்து, உங்கள் சொந்த வருகை. அட்மினில் டேட்டா ஸ்ட்ரீம்ஸ் போய், டேக் செட்டிங்ஸில் ‘டிஃபைன் இன்டர்னல் டிராஃபிக்’ பகுதியில் உங்கள் ஐபி முகவரியைக் கொடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். வடிகட்டி ‘டெஸ்டிங்’ நிலையில்தான் கிடக்கும்; டேட்டா ஃபில்டர்ஸில் போய் அதை ‘ஆக்டிவ்’ ஆக்கினால்தான் வேலை செய்யும். அன்றைக்குப் பிறகு வரும் கணக்குக்குத்தான் அது பொருந்தும், பழையதைத் திருத்தாது. அப்படியே டேட்டா ரிடென்ஷனையும் (தரவைச் சேமித்துவைக்கும் காலம்) பார்த்துவிடுங்கள்: இரண்டு மாதம் என்றிருந்தால் 14 மாதமாக மாற்றுங்கள். இல்லையென்றால், விருப்பப்படி அட்டவணை போட்டுப் பார்க்கும் எக்ஸ்ப்ளோர் பகுதியில் இரண்டு மாதத்துக்கு முந்தையதைத் தோண்ட முடியாது.

தராசு சரி என்றால், முழுத் தளத்தின் 46 சதவீதத்தை மறந்துவிடுங்கள். எக்ஸ்ப்ளோரில் ஃப்ரீ-ஃபார்ம் அட்டவணை ஒன்று போடுங்கள். வரிசையில் லேண்டிங் பேஜ் (முதலில் வந்து இறங்கிய பக்கம்), அதற்குக் கீழே செஷன் சோர்ஸ் / மீடியம் (எங்கிருந்து, எந்த வழியில் வந்தார்); நெடுவரிசையில் டிவைஸ் கேட்டகரி (ஃபோனா, கணினியா); மதிப்புகளில் செஷன்ஸ், பவுன்ஸ் ரேட், ஒரு செஷனுக்கான சராசரி எங்கேஜ்மென்ட் நேரம். இந்த ஓர் அட்டவணையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒரே கட்டுரைக்குக் கூகுள் தேடலில் வந்தவர்கள் தங்கி, சமூக வலைத்தளத்திலிருந்து வந்தவர்கள் ஓடினால் குறை பக்கத்தில் இல்லை. அங்கே நீங்கள் போட்ட தலைப்பு வேறு எதையோ வாக்களித்திருக்கிறது. கணினியில் தங்கி ஃபோனில் ஓடினால் குறை வடிவமைப்பிலோ வேகத்திலோ. எல்லா வழியிலும், எல்லாச் சாதனத்திலும் ஓடினால் பக்கத்தின் முதல் திரையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: சிறு எண்ணிக்கையில் சதவீதம் துள்ளும். 40 செஷனில் 60 சதவீதம் என்று வந்தால் உண்மை 45-ஆகவும் இருக்கலாம், 75-ஆகவும் இருக்கலாம். 1,000 செஷனில் அதே 60 வந்தால் மூன்று புள்ளி இப்படியோ அப்படியோ. அதனால் நூறுக்குக் கீழே செஷன் உள்ள வரிசைகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் அறுபது கட்டுரைகளில் பத்துப் பன்னிரண்டுதான் தேறும் என்று நினைக்கிறேன். அது போதும்.

இனி அந்தச் செயின் கட்டுரை. சராசரி 52 விநாடி என்கிறீர்கள். அந்த 52 விநாடி வாசகர் என்று ஒருவர் அநேகமாக இல்லவே இல்லை. நாலு விநாடியில் போனவர் நூறு பேரும், மூன்று நிமிடம் படித்தவர் முப்பது பேரும் சேர்ந்தால்கூடச் சராசரி 45 விநாடியை ஒட்டித்தான் வரும். கூட்டம் எங்கே பிரிகிறது என்று பார்க்க ஸ்க்ரோல் அளவு வேண்டும். ஜிஏ4 தானாகப் பதிவுசெய்யும் ஸ்க்ரோல் ஈவென்ட் பக்கத்தின் 90 சதவீத ஆழத்தை எட்டும்போது ஒரு முறைதான் ஓடும். உங்கள் பக்கத்தின் அடியில் பின்னூட்டமும் தொடர்புடைய கட்டுரைகளும் நீளமாகத் தொங்கினால், கட்டுரையை முழுக்கப் படித்தவர்கூட அந்த 90-ஐத் தொடமாட்டார். டேக் மேனேஜரில் ஸ்க்ரோல் டெப்த் டிரிக்கர் (எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்ற விதி) போட்டு 25, 50, 75 என்று பதிவுசெய்யுங்கள். இன்னும் நல்லது, எலிமென்ட் விசிபிலிட்டி டிரிக்கர்: ‘முதல் விடை திரையில் தெரிந்தது’, ‘கடைசிப் படி திரையில் தெரிந்தது’ என்று இரண்டே இடத்தில் வைத்தால் போதும். ஈவென்ட்டுக்கு ‘ஸ்க்ரோல்’ என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். தானாக ஓடுவதும் இதுவும் ஒன்றாகக் கலந்துவிடும். கூடவே அனுப்பும் ஆழ அளவைக் கஸ்டம் டைமென்ஷனாகவும் (ரிப்போர்ட்டில் நீங்களே சேர்க்கும் தனிப் புலம்) பதிந்துவையுங்கள். பதிந்த நாளிலிருந்துதான் அது ரிப்போர்ட்டில் தெரியும்.

அடுத்து, கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் அந்த ஒரே பக்கத்தை வடிகட்டி, என்ன சொல்லைத் தட்டி வந்தார்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் ‘செயின் கழன்று விழுகிறது’ என்று தேடி வந்திருக்கலாம். மீதிப் பேர் ‘மிதிக்கும்போது செயின் தாவுகிறது’ என்று தேடியிருப்பார்கள். இவை இரண்டும் ஒரே நோய் இல்லை என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஒன்று பெரும்பாலும் கியர் வரம்புத் திருகின் குறை, மற்றது தேய்மானம். முதல் வகைக்காரர் உள்ளே வந்து முதல் பத்தியில் தேய்மானத்தைப் பார்த்தால், ‘இது நமக்கில்லை’ என்று ஆறாவது விநாடியில் பின்னால் போய்விடுவார். அதற்கு எந்த வடிவமைப்பு மாற்றமும் உதவாது. தலைப்புக்குக் கீழே, ‘செயின் பல்சக்கரத்தை விட்டு வெளியே விழுகிறதா, அல்லது அதன் மேலேயே தாவுகிறதா?’ என்று ஒரு வரியும், இரண்டு வழிக்கும் இரண்டு இணைப்பும் வேண்டும்.

அந்த வாசகர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதையும் நினையுங்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். கையெல்லாம் கிரீஸ். சுவரில் சாய்த்து வைத்த ஃபோனைப் புறங்கையால் தள்ளிப் படிக்கிறார். அவருக்கு முதலில் தெரிவது என்ன? உங்கள் லோகோ, திரை அகலத்துக்கு ஒரு சைக்கிள் படம், குக்கி அனுமதிப் பட்டை, பிறகு ‘சைக்கிள் நம் வாழ்வில் பிரிக்க முடியாத ஒன்று’ என்கிற மாதிரி ஒரு முன்னுரை. விடை நான்காவது திரையில் இருக்கும். அதற்குப் பதிலாகத் தலைப்பை ஒட்டியே இப்படி எழுதினால்? ‘ஸ்கேலைச் செயின் மேல் வைத்து, ஓர் ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணி அளவிடுங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலம். 12-ஐ அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டினால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தாண்டினால் பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.’ இதை மட்டும் படித்துவிட்டு 40 விநாடியில் ஒருவர் போனால் அவர் தோல்வியுற்ற வாசகர் இல்லை. மட்டோமோ அவரை பவுன்ஸ் என்று எழுதிக்கொள்ளும், எழுதிக்கொள்ளட்டும்.

வேகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் கணக்கே ஏமாற்றும். டேக் ஓடுவதற்கு முன்பே பொறுமை இழந்து போனவர் அனலிட்டிக்ஸில் இல்லவே இல்லை. அவர் பவுன்ஸும் இல்லை, வருகையும் இல்லை. ஆகவே சர்ச் கன்சோல் காட்டும் கிளிக்கையும், ஜிஏ4-இல் கூகுள் ஆர்கானிக் (விளம்பரமல்லாத தேடல்) வழி வந்த செஷனையும் பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். இரண்டும் எப்போதும் பொருந்தாது. குக்கியை மறுத்தவர், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் எல்லாம் கழிந்துபோவார்கள். ஆனால் மற்றப் பக்கங்களில் 10, 15 சதவீதம் குறையும்போது ஒரு பக்கத்தில் மட்டும் 35 சதவீதம் குறைந்தால், அந்தப் பக்கம் கனமாக இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இதன் மறுபக்கமும் உண்டு: பக்கத்தை வேகமாக்கிய மாதம் பவுன்ஸ் ரேட் ஏறக்கூடும். முன்பு கணக்கிலேயே வராமல் ஓடியவர்கள் இப்போது கணக்கில் வந்துவிட்டுப் பிறகு ஓடுகிறார்கள். அதைப் பார்த்துப் பயந்து மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிடாதீர்கள்.

கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் அந்த முகவரியைக் கொடுத்தால் மேலே வருவது உண்மையான பயனர்களின் கடந்த 28 நாள் அனுபவம். கீழே வருவது ஆய்வகச் சோதனை. மேலே தரவு இருந்தால் அதையே நம்புங்கள். முக்கியமான உள்ளடக்கம் தெரிய 2.5 விநாடி, தொட்டால் பதில் வர 200 மில்லிவிநாடி, திரை குதிப்பு 0.1. நான்கு வருகையில் குறைந்தது மூன்று இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கட்டுரைத் தளங்களில் பெரும்பாலும் குற்றவாளி அந்த முதல் படம்தான்: 1,200 பிக்சல் போதுமான இடத்தில் கேமராவிலிருந்து வந்த 4,000 பிக்சல் படம் அப்படியே உட்கார்ந்திருக்கும். சுருக்கி வெப்பி (WebP) வடிவில் போடுங்கள், அகலம் உயரம் இரண்டையும் குறிப்பிடுங்கள். முதல் படத்துக்கு ‘லேஸி லோடிங்’ (அந்த இடத்தை நெருங்கும்போதுதான் படத்தை இறக்குவது) போடாதீர்கள். அது முதல் திரைக்குக் கீழே உள்ள படங்களுக்கானது. தமிழ்த் தளங்களுக்கே உரிய இன்னொரு தொல்லை எழுத்துரு. அலங்காரத் தமிழ் எழுத்துரு இறங்கும்வரை பெரும்பாலான உலாவிகள் மூன்று விநாடி வரை எழுத்தை மறைத்தே வைத்திருக்கும். வாசகர் வெறும் வெள்ளைத் திரையைப் பார்ப்பார். ஸ்டைல் கோப்பில் ஃபாண்ட்-டிஸ்ப்ளேயை ‘ஸ்வாப்’ என்று வையுங்கள். சாதனத்தில் உள்ள எழுத்துருவிலேயே உடனே படிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆர்டர் பக்கம் முற்றிலும் வேறு விவகாரம். அங்கே வந்தவர் தகவல் தேடி வரவில்லை. வாங்கும் எண்ணத்தோடு வந்திருக்கிறார். ஆகவே அங்கிருந்து போவதுதான் உண்மையான இழப்பு. ஜிஏ4-இல் ஃபார்ம் இன்டராக்‌ஷன்ஸை இயக்கியிருந்தால், படிவத்தில் முதலில் கைவைத்ததும் ஓர் ஈவென்ட், அனுப்பியதும் ஓர் ஈவென்ட் பதிவாகும். எக்ஸ்ப்ளோரில் ஃபனல் (ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று காட்டும் வரிசை) ஒன்று கட்டுங்கள்: பக்கம் பார்த்தார், படிவம் தொடங்கினார், அனுப்பினார், நன்றிப் பக்கம் வந்தார். பார்த்தவர் தொடங்கவே இல்லையென்றால் விலை, அனுப்பும் செலவு, பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது, எந்த வகை சைக்கிளுக்குப் பொருந்தும் என்பவற்றில் ஏதோ தெளிவில்லை. தொடங்கி அனுப்பாமல் போனால் படிவம்தான் தடுக்கிறது.

படிவம் எப்படித் தடுக்கிறது என்பதை எண்ணில் பார்க்க முடியாது, கண்ணால்தான் பார்க்க முடியும். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசம். அதில் செஷன் பதிவுகளை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளீட்டை மறைக்கும் மாஸ்க்கிங்கை ஒருபோதும் எடுக்காதீர்கள். பதிவு செய்கிறீர்கள் என்பதைத் தனியுரிமைக் குறிப்பிலும் எழுதிவிடுங்கள். பிறகு ஆர்டர் பக்கத்துப் பதிவுகளில் ‘ரேஜ் கிளிக்’ (எரிச்சலில் திரும்பத் திரும்பத் தட்டுவது), ‘டெட் கிளிக்’ (தட்டியும் ஒன்றும் நடக்காதது) உள்ளவற்றை வடிகட்டி இருபது பாருங்கள். அடிக்கடி கண்ணில் படுவது இதுதான்: விரல் ‘பணம் செலுத்து’ பொத்தானைத் தொடுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொடுகிறது. மறுபடி, மறுபடி. ஃபோன் எண் பெட்டியில் இடைவெளி விட்டு எண்ணை எழுதியிருக்கிறார். படிவம் அதை ஏற்கவில்லை. சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தியும் வந்திருக்கிறது. ஆனால் அது பக்கத்தின் மேலே, இரண்டு திரைக்கு அப்பால் இருக்கிறது. அவருக்குத் தெரிவது சும்மா கிடக்கும் ஒரு பொத்தான் மட்டும். இடைவெளியை நிரலே நீக்கிக்கொள்ள வேண்டும். பிழைச் செய்தி அந்தப் பெட்டியின் அடியிலேயே வர வேண்டும். திரையும் அங்கே போய் நிற்க வேண்டும். அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

நண்பரின் யோசனைக்கு வருகிறேன். கட்டுரையை மூன்றாக வெட்டினால் பவுன்ஸ் ரேட் இறங்கும் என்பது மெய். வாசகரைக் கிரீஸ் கையோடு ‘அடுத்த பக்கம்’ பொத்தானைத் தேட வைக்கிறீர்கள். அவர் தட்டித்தான் ஆக வேண்டும். தட்டியது ஈடுபாடு என்று கருவி எழுதும், எரிச்சல் என்று எழுதத் தெரியாது. வேண்டாம். வெளியேறும்போது எழும்பும் பாப்-அப்பையும் இதே கணக்கில் வையுங்கள்: அது சுட்டி திரையின் மேல் விளிம்பை நோக்கிப் போவதைப் பார்த்து வருவது, ஃபோனில் சுட்டியே கிடையாது. அதனால் ஃபோனில் அது நேரத்தையோ ஸ்க்ரோலையோ வைத்து ஊகித்து, படிக்கிறவர் முகத்தில்தான் வந்து விழும். தேடலிலிருந்து ஃபோனில் வந்தவரின் முன்னால் உள்ளடக்கத்தை மறைத்து நிற்கும் பாப்-அப்பைக் கூகுள் 2017 ஜனவரி முதலே தரவரிசையில் பாதகமாக எடுத்துக்கொள்கிறது.

படித்து முடித்தவரை இன்னொரு பக்கத்துக்கு அழைக்க வேண்டுமென்றால், கட்டுரையின் அடியில் ஆறு படங்களோடு ‘இதையும் படியுங்கள்’ என்று அடுக்குவதைவிட, செயினைக் கழற்றச் சொல்லும் அந்தப் படியிலேயே ‘இதற்குச் செயின் பிரேக்கர் வேண்டும், நம் பெட்டியில் இருக்கிறது’ என்று ஒரே ஓர் இணைப்பு வைப்பது பலிக்கும். தேவை எழும் இடம் அதுதான். அந்த இணைப்பின் கிளிக்கைத் தனி ஈவென்ட்டாகப் பதிவுசெய்யுங்கள். ‘கடைசிப் படி தெரிந்தவர்களில் எத்தனை பேர் அதைத் தட்டினார்கள்’ என்ற விகிதம் பவுன்ஸ் ரேட்டைவிட உங்களுக்கு நூறு மடங்கு பயன்படும்.

வேலையின் வரிசை: முதலில் ஆர்டர் படிவம், பிறகு செயின் கட்டுரையின் முதல் திரை, பிறகு படமும் எழுத்துருவும். மூன்றையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டால் எது பலித்தது என்று தெரியாது. ஒவ்வொன்றையும் செய்த தேதியை ஒரு நோட்டில் எழுதுங்கள். முழு வாரங்களாக நான்கு வாரம் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பழுது பார்ப்பவரும் புதன்கிழமை படிப்பவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதற்கு முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடும்போது அதே சோர்ஸ், அதே டிவைஸ் வரிசையைத்தான் ஒப்பிட வேண்டும். நேற்றைய கணக்கை இன்றே பார்க்காதீர்கள், ஜிஏ4 அதை முழுதாகச் சேர்த்து முடிக்க ஒன்றிரண்டு நாள் எடுக்கும்.

இத்தனைக்கும் பிறகும் ‘ஏன்’ என்பது பிடிபடவில்லை என்றால் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: ‘நீங்கள் தேடி வந்தது கிடைத்ததா?’ ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். இல்லை என்றால் மட்டும் ஒரு வரி எழுத இடம். இதைக் கட்டுரையின் அடியில் வைக்காதீர்கள். அங்கே வரை வந்தவர் ஏற்கெனவே திருப்தியானவர், ஆம் என்றுதான் தட்டுவார். முதல் விடை முடிந்ததும், அதாவது அந்த ஸ்கேல் அளவுப் பத்தியின் அடியில் வையுங்கள்.